நெல்லில் இலைச்சுருட்டுப்புழு: வேர் பாக்டீரியாவா, தெளிப்பு மருந்தா?

சம்பாவுக்கு விதை ஊறப் போடும் நாளில் யாரும் புழுவைப் பற்றி யோசிப்பதில்லை. நட்டு நாற்பது ஐம்பது நாள் போய், இலைகள் நீளவாக்கில் மடிந்து, பச்சையம் சுரண்டப்பட்டு வெள்ளைக் கோடாகத் தெரியும்போதுதான் மருந்துக்கடைப் பக்கம் போகிறோம். ரசாயனம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் அங்கே சூடோமோனாஸ் என்ற வேர் பாக்டீரியா பாக்கெட்டை வாங்கித் தெளிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் புழு அப்படியே இருக்கிறது. "இதெல்லாம் கேட்காது" என்ற பேச்சு ஊரில் பரவிவிடுகிறது.

பாக்டீரியா நல்லதுதான். அதைக் கையில் எடுத்த நாள்தான் தவறு. வேர் பாக்டீரியாவையும் பூச்சி மருந்தையும் ஒரே அலமாரியில் வைத்து, இதுவா அதுவா என்று கேட்பதால் வரும் குழப்பம் இது. இரண்டையும் வாங்க வேண்டிய நாள் வேறு, செய்யும் வேலை வேறு, எந்தப் பூச்சிக்கு என்பதும் வேறு. டெல்டா நெல் வயலை மனதில் வைத்து, இலைச்சுருட்டுப்புழுவை மையமாக எடுத்துக்கொண்டு, நம் கைக்கு எட்டும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் இந்தப் பாக்டீரியா என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிது. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய மண் படலத்தில் வாழ்கிறது. வேர் கசியவிடும் சர்க்கரையும் அமிலங்களும்தான் அதற்குச் சாப்பாடு. வேரில் அது குடியேறியதும் செடிக்கு ஒரு லேசான எச்சரிக்கை போகிறது. செடி உடனே எதையும் பெரிதாகச் செய்வதில்லை, தயார் நிலையில் மட்டும் இருக்கிறது. பிறகு புழு இலையைக் கடித்ததும் ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் ஆகியவை வழியாகச் செல்லும் தற்காப்பு வேலை சாதாரணச் செடியைவிட விரைவாகவும் பலமாகவும் தொடங்குகிறது. பெராக்சிடேஸ், பாலிபீனால் ஆக்சிடேஸ், கைட்டினேஸ் போன்ற நொதிகள் இலையில் கூடுகின்றன. அந்த இலையைத் தின்ற புழுவுக்குச் செரிமானம் கெடுகிறது, வளர்ச்சி தள்ளிப்போகிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து உலகம் முழுக்க ஆராயப்பட்டுவரும் இந்த ஏற்பாட்டை, தூண்டப்பட்ட எதிர்ப்புத்திறன் என்று சொல்கிறார்கள்.

ஆகவே இங்கே புழுவை எதிர்ப்பது செடி, பாக்டீரியா அல்ல. பாக்டீரியா வேரில் நிலைபெற நாள் வேண்டும், செடி தயாராக நாள் வேண்டும். புழு வந்த பிறகு இலையில் தெளித்தால் இந்த இரண்டுக்கும் நேரமே இல்லை.

இதை நம்ப நமக்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிஎஃப் 1 என்ற சூடோமோனாஸ் ரகத்தைப் பல ஆண்டுகளாக நெல்லில் சோதித்திருக்கிறது. ஒரே ரகத்தைக் கொடுத்ததைவிட இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து கொடுத்த வயல்களில் இலைச்சுருட்டுப்புழுவின் சேதமும் இலையுறைக் கருகல் நோயும் சேர்ந்தே குறைந்தன. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு முடிவு. பாக்டீரியா கொடுத்த வயல்களில் புழுவைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் சிலந்திகளும் அதிகமாக இருந்தன. தற்காப்பில் இறங்கிய செடி வெளியிடும் வாசனை, இரை இருக்கும் இடத்தை இவற்றுக்குக் காட்டிக்கொடுக்கிறது. எந்த மருந்துப் புட்டியும் தராத லாபம் இது.

அமெரிக்காவில் அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 1990களில் வெள்ளரியில் செய்த சோதனைகளும் இதே திசையில்தான் போயின. வேர் பாக்டீரியா கொடுத்த செடிகளில் வெள்ளரி வண்டை ஈர்க்கும் கசப்புப் பொருள் குறைந்தது. வண்டு குறைவாகத் தின்றது, வண்டு பரப்பும் வாடல் நோயும் குறைந்தது.

சரி, குறை என்ன? இருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் விவசாயிக்குத்தான் நஷ்டம். இந்த எதிர்ப்புத்திறன் இலையைக் கடித்துத் தின்னும் புழுக்களிடம் காட்டும் வேலையைச் சாறு உறிஞ்சும் பூச்சிகளிடம் காட்டுவதில்லை. நெதர்லாந்தில் அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் ஒரு சூடோமோனாஸ் ரகத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முட்டைக்கோஸ் அசுவினியிடம் எந்த மாற்றமும் இல்லை. பல செடிகளைத் தின்னும் பச்சை அசுவினியோ முன்பைவிட நன்றாகவே பெருகியது. கடிக்கும் புழுக்களிலும் எல்லாவற்றுக்கும் ஒரே பலன் இல்லை. அதே பாக்டீரியா பச்சைப்புழு இனம் ஒன்றை மட்டுப்படுத்தியது, முட்டைக்கோஸ் குடும்பத்தை மட்டுமே தின்று பழகிய வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுவை ஒன்றும் செய்யவில்லை. ஆகவே நெல்லில் புகையானுக்கு வேர் பாக்டீரியாவை நம்பி உட்கார வேண்டாம். புகையான் தூரின் அடியில் சாற்றை உறிஞ்சுகிறது. அதற்கான வழிகள் வேறு. நடும்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விடுவது, தண்ணீரைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவது, யூரியாவைக் குறைத்துப் பிரித்துப் போடுவது ஆகிய மூன்றுமே எந்தப் பாக்கெட்டையும்விட அங்கே உதவும்.

இனி ரசாயன மருந்து. இலைச்சுருட்டுப்புழுவுக்குக் கடையில் அதிகம் கிடைப்பவை கார்டாப் ஹைட்ரோகுளோரைடும் குளோரான்ட்ரானிலிப்ரோலும். இரண்டாவது மருந்து புழுவின் தசையில் சுண்ணாம்புச் சத்தின் ஓட்டத்தைக் கெடுத்துச் செயலிழக்க வைக்கிறது. தெளித்த கொஞ்ச நேரத்திலேயே புழு தின்பதை நிறுத்திவிடும். ஏக்கருக்கு 60 மில்லி போதும். வேகம் என்று பார்த்தால் உயிரியல் வழி எதுவும் இதன் அருகில் வராது. வயல் கையைவிட்டுப் போகும் நிலையில் இதைத் தெளிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தெளிக்க வேண்டிய கட்டம் எது என்பதில்தான் பெரிய பணம் வீணாகிறது. பயிர் தூர் கட்டும் பருவத்தில் 10 சதவீத இலைகளும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிக் கடைசியாக வரும் இலை) 5 சதவீதமும் சேதமானால்தான் மருந்து தேவை என்பது பரிந்துரை. அதற்குக் கீழே இருந்தால் செடி தானே புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1994இல் இதையே ஓர் இயக்கமாக நடத்தினார்கள். விதைத்த முதல் 40 நாள் இலை தின்னும் பூச்சிக்கு மருந்து அடிக்காதீர்கள், விளைச்சல் குறையாது என்று விவசாயிகளிடம் சொல்லி, அவரவர் வயலிலேயே சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். மருந்துத் தெளிப்பு வெகுவாகக் குறைந்தது. நம் ஊரில் இன்னமும் நட்ட இருபதாம் நாளே, உரக்கடையில் கொடுத்தார்கள் என்று ஒரு தெளிப்பு நடக்கிறது. அந்தத் தெளிப்பு கொல்வதில் பெரும்பங்கு சிலந்திகளும் தட்டான்களும் குளவிகளும்தான்.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளை இலைச்சுருட்டுப்புழுவுக்கு அடிப்பவர்கள் இன்னும் பெரிய வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். இவை புகையானின் இயற்கை எதிரிகளை அழித்து, புகையானை மறுபடி பெருக வைக்கும். இந்தோனேசியா இதில் பட்ட அடி உலகம் அறிந்தது. புகையான் நாட்டின் அரிசி உற்பத்தியையே ஆட்டிப்பார்த்ததால், 1986இல் குடியரசுத் தலைவர் உத்தரவு போட்டு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார்கள். ஒரு புழுவுக்குத் தெளித்து வேறொரு பூச்சியை வரவழைக்கும் இந்த ஆபத்து வேர் பாக்டீரியாவில் இல்லை. புதிய மருந்துகளும் நிரந்தரமில்லை. சீனாவில் குளோரான்ட்ரானிலிப்ரோலைத் தொடர்ந்து அடித்த இடங்களில் ஒரு வகை நெல் தண்டுத்துளைப்பான் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது.

ரசாயனம் வேண்டாம், ஆனால் புழு ஏற்கெனவே வந்துவிட்டது என்பவர்களுக்கு வேறு சில வழிகள் இருக்கின்றன. இங்கேதான் பலர் எல்லா "உயிர் மருந்தையும்" ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பிடி என்று நாம் சொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸும் மண்ணில் வாழும் பாக்டீரியாதான், ஆனால் அது நேரடி நஞ்சு. புழு அதைத் தின்ன வேண்டும். தின்றால் அதன் புரதப் படிகம் குடலில் கரைந்து சுவரை ஓட்டையாக்கும், புழு இரண்டு மூன்று நாளில் சாகும். சிறு புழுவாக இருக்கும்போது நன்றாக வேலை செய்யும். மடிந்த இலைக்குள் பெரிய புழு பதுங்கிய பிறகு மருந்து அதன் வாய்க்குப் போவதே சிரமம். வெயிலில் சீக்கிரம் செயலிழக்கும், மழையில் கழுவிப்போகும். ஐப்பசி மழையில் தெளிப்பவர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பவேரியா பாசியானா ஒரு பூஞ்சாணம். இது புழுவின் தோல்மேல் பட்டாலே போதும், முளைத்து உள்ளே போய்விடும். அதற்குக் காற்றில் ஈரம் வேண்டும், சம்பா, தாளடியின் மழைக்கால ஈரம் இதற்கு நன்றாக ஒத்துவரும். புகையான் மீதும் இது வேலை செய்யும் என்பது கூடுதல் வசதி. இலையுறைக் கருகலுக்கு என்று அதே வாரம் பூஞ்சாணக்கொல்லி அடித்தால் பவேரியாவும் சேர்ந்து செத்துவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. அப்புறம் ஒரு எச்சரிக்கை. பிடியும் பவேரியாவும் விஞ்ஞானிகள் கண்ணில் முதலில் பட்டதே நோய்வாய்ப்பட்ட பட்டுப்புழுக்களில்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு பக்கம் மல்பெரித் தோட்டத்தை ஒட்டி நெல் வைத்திருப்பவர்கள் இவை இரண்டையும் தெளிக்கக் கூடாது.

முட்டை ஒட்டுண்ணி அட்டை, அதாவது குளவி வளரும் பூச்சி முட்டைகளை ஒட்டிய அட்டை, வயலில் கட்டுவது என் கணக்கில் வேர் பாக்டீரியாவுக்கு நல்ல துணை. டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற சிறு குளவி இலைச்சுருட்டுப்புழுவின் முட்டையிலேயே முட்டை வைத்துவிடும். நட்ட 37, 44, 51ஆம் நாட்களில் ஏக்கருக்கு 2 சிசி (அட்டையில் உள்ள முட்டைகளின் கன அளவு) வீதம் கட்டச் சொல்கிறார்கள். தண்டுத்துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம், 30, 37ஆம் நாட்களில். அட்டை கைக்கு வந்த அன்றே, குளவி வெளிவருவதற்குள் கட்டிவிட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே சிரமம். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கொட்டை கிடைத்து, இரவே ஊறவைத்து, மாலையில் தெளிக்க ஆள் இருந்தால் புழுவின் தீனியைக் குறைக்கும்.

இப்போது மறுபடி வேர் பாக்டீரியாவுக்கு வருவோம். செலவுக் கணக்கில் அதன் பலம் எங்கே என்றால், புழு வராத வருஷத்திலும் அது வீண் போவதில்லை. இலையுறைக் கருகல், குலைநோய் இரண்டுக்கும் எதிராக நெல்லில் சூடோமோனாஸ் கொடுப்பது நீண்டகாலப் பரிந்துரை. பாக்கெட்டின் மேலும் பெரும்பாலும் நோய்க்கு என்றுதான் அச்சிட்டிருக்கும். புழுவுக்காக என்று தனியாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல், நோய்க்காகப் போட்டதிலேயே புழுவின் வேகம் குறைகிறது என்று இதைப் பார்ப்பதே சரி. ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பிபிடி 5204 போல நோயும் பூச்சியும் விரும்பி வரும் ரகத்தை நடுபவருக்கு இது ஏறக்குறைய கட்டாயம் என்பேன்.

செய்முறையில் மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. விதை நேர்த்தியில் கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, முளைகட்டி விதைப்பது. அடுத்து நாற்றின் வேரை நனைப்பது. நடவு வயலின் ஒரு மூலையில் 10 சதுர மீட்டருக்குப் பாத்தி கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஏக்கருக்கு ஒரு கிலோ கலந்து, பறித்த நாற்றை அரைமணி நேரம் அதில் நிற்கவைத்து நடுவது. கடைசியாக, நட்ட முப்பதாம் நாள் இன்னொரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து வயலில் தூவுவது. கைவேலை குறைவாக முடியும் விதை நேர்த்தியை யாரும் விடவே கூடாது. ஆள் கிடைத்தால் வேர் நனைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரடி விதைப்பில் நாற்றங்கால் கிடையாது, வேர் நனைப்பும் கிடையாது. அங்கே விதை நேர்த்தியும் தொழுவுரத்தோடு தூவுவதும்தான் வழி, தூவும் நாளில் மண்ணில் ஈரம் இருக்க வேண்டும்.

பாக்டீரியல் இலைக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த மருந்தோ பிளீச்சிங் பவுடரோ போடும் பழக்கம் உள்ளவர்கள், அவை நல்ல பாக்டீரியாவையும் கொல்லும் என்பதை மறக்க வேண்டாம். யூரியா விஷயத்திலும் அப்படித்தான். தழைச்சத்து மிஞ்சிக் கரும்பச்சையாக, மெத்தென்று நிற்கும் பயிரை இலைச்சுருட்டுப்புழு தேடி வரும். அந்தக் கவர்ச்சியை வேர் பாக்டீரியாவால் ஈடுகட்ட முடியாது. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்து உரம் போடுபவரின் வயலில்தான் இந்தப் பாக்டீரியாவின் பலன் தெளிவாகத் தெரியும்.

வாங்கும் இடத்தில் இன்னொரு ஒப்பீடு வருகிறது, சூடோமோனாஸா, பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு வேர் பாக்டீரியாவா என்று. பேசில்லஸ் கடினமான ஸ்போராக மாறி உறங்கும், வெயிலையும் கிடங்குச் சூட்டையும் தாங்கும். சூடோமோனாஸுக்கு ஸ்போர் கிடையாது. டால்க் மாவில் கலந்து பாக்கெட் போட்ட நாளிலிருந்து அதன் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். தயாரித்த நான்கு மாதத்துக்குள் பயன்படுத்துவதே நல்லது. கிராமுக்குக் கோடிக்கணக்கில் உயிருள்ள பாக்டீரியா இருந்தால்தான் வேரில் போதுமான அளவு குடியேறும். தகரக் கொட்டகைக்கு அடியில் சித்திரை வெயிலைக் கடந்த பாக்கெட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் டால்க் மாவு மட்டுமே. நெல்லில் இலைச்சுருட்டுப்புழுவுக்கு எதிரான நம் ஊர் ஆய்வுகள் அதிகமும் சூடோமோனாஸில் நடந்தவை என்பதால், புதிய பாக்கெட் கிடைத்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். தேதி பழையது, கடை தூரம், வாங்கி வைத்துத்தான் பயன்படுத்த முடியும் என்றால் பேசில்லஸ் பாதுகாப்பானது. வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலோ முன்கூட்டிச் சொல்லிவைத்து வாங்குவது கடைக்குப் போவதைவிட மேல்.

சுவிட்சர்லாந்தில் புகையிலை வேரிலிருந்து எடுத்த சூடோமோனாஸ் புரோட்டிஜென்ஸ் என்ற இனம் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இது வேரில் வாழ்ந்துகொண்டே, புழு தின்றுவிட்டால் அதன் உடலுக்குள் பெருகி, நஞ்சு சுரந்து நேரடியாகக் கொல்லும். செடியைத் தயார்படுத்துவதும் புழுவைக் கொல்வதும் ஒரே பாக்டீரியாவில் சேர்ந்திருப்பது பெரிய நம்பிக்கை தருகிறது. ஆனால் நம் கடையில் இருக்கும் பாக்கெட் அது இல்லை. அந்த ஆய்வுச் செய்தியைக் காட்டி இந்தப் பாக்கெட்டை விற்பவரை நம்ப வேண்டாம். இங்கே நடைமுறையில் அதே இரட்டை வேலைக்கு ஒரு வழி உண்டு. சூடோமோனாஸும் பவேரியாவும் சேர்த்துக் கொடுத்த நெல் வயல்களில், தனித்தனியாகக் கொடுத்ததைவிட இலைச்சுருட்டுப்புழுவும் இலையுறைக் கருகலும் நன்றாகக் கட்டுப்பட்டதைக் கோயம்புத்தூர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆகவே நான் சம்பா நடுகிறவராக இருந்தால் இப்படித்தான் முடிவெடுப்பேன். விதையிலும் வேரிலும் சூடோமோனாஸ். 37ஆம் நாளிலிருந்து ஒட்டுண்ணி அட்டை. வாரம் ஒருமுறை வயலில் இறங்கி மடிந்த இலையை எண்ணுவது. 10 சதவீதத்தை நெருங்கினால் மழை ஈரம் இருக்கும்போது பவேரியா, வெயிலாக இருந்து புழு சிறிதாக இருந்தால் மாலையில் பிடி. கண்ணாடி இலையில் 5 சதவீதம் தாண்டிவிட்டால் தயங்காமல் ஒரே ஒரு முறை குளோரான்ட்ரானிலிப்ரோல், பைரித்ராய்டு எந்தக் கட்டத்திலும் இல்லை. உங்கள் வயலில் ஆண்டுதோறும் வரும் தொல்லை புகையான் என்றால் இந்த வரிசையே மாறும். அங்கே பட்டமும் தண்ணீரும் யூரியாவும்தான் முதலில், வேர் பாக்டீரியா நோய்க்காக மட்டும்.

முதல் முறை போடுபவர்கள் வயலில் ஒரு சிறு பாத்தியை மட்டும் பாக்டீரியா இல்லாமல் விட்டுவையுங்கள். அதே விதை, அதே நடவு நாள், அதே உரம். நட்ட நாற்பதாம் நாளிலிருந்து இரண்டு பக்கத்திலும் குறுக்காக நடந்து, பத்துப் பத்துக் குத்தில் மொத்த இலையையும் மடிந்த இலையையும் எண்ணி ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே சிலந்தியையும் எண்ணுங்கள். அடுத்த சாகுபடிக்குப் பாக்கெட் வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.